ஊர் காட்டியவர்

நம் சிற்றிதழ்களில் வெளியாகும் பயணக்கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. கட்டுரையாளர் அதிகாலையில் ஒரு கல்லறை மாடத்தின் முன் நிற்கிறார். முற்பகலில் ஊரின் மறுகோடியிலுள்ள கோட்டைக்குள் இருக்கிறார். உச்சிப்பொழுது கடந்ததும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கைவிடப்பட்ட ஒரு தலைநகரின் முற்றத்தில் காற்றின் ஓசையைக் கேட்டு நெகிழ்கிறார். அந்தி சாயும்போது மீண்டும் ஆற்றங்கரை. இத்தனை இடங்களுக்கும் இவர் எவ்வாறு சென்று சேர்ந்தார்? நடந்து சென்றிருக்க இயலாது. பேருந்தில் சென்றிருந்தால் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதாமல் விட்டிருக்க மாட்டார். ஆகவே ஒரு வாடகை வண்டி இருந்திருக்க வேண்டும். அதை யாரோ ஒருவர் ஓட்டியிருக்க வேண்டும். அவர் எங்கே?

கட்டுரையில் அவர் இல்லை. அரிதாக எங்கேனும் தலைகாட்டினால், வழியில் தேநீர் குடிக்க நிறுத்துவதற்கோ, கட்டுரையாளரின் பண்பாட்டு அறிவுக்கு எதிராக ஓர் அசட்டு வாக்கியத்தைச் சொல்வதற்கோ மட்டுமே வருவார். இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு. ஏனெனில் அந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜெய்ப்பூர் குறித்து ஒரு சிற்றிதழில் பதினான்கு பக்கம் எழுதினேன். ஆமேர் கோட்டையின் கண்ணாடி மண்டபம் பற்றி இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. என்னை அங்கே அழைத்துச்சென்று, மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்து, திரும்ப அழைத்துவந்தவர் பற்றி ஒரு வரி இல்லை. இன்று நினைவுகூர முயன்றால் அவருடைய பிடரியும், கண்ணாடியில் தெரிந்த பாதி முகமும் மட்டுமே வருகின்றன. பெயர் வரவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஆக்ராவுக்குச் சென்று வந்தபிறகு இந்தப் பழைய குற்றம் என்னை வேறுவிதமாக உறுத்தத் தொடங்கியது. அதன் விளைவே இக்கட்டுரை.

*

தில்லியில் ஒரு கருத்தரங்கம். எழுபத்து நான்கு வயதான என் அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். கருத்தரங்கம் முடிந்து திரும்புவதற்கு இடையே ஒரு நாள் மட்டும் மிஞ்சியது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. படி என்றால் பக்கவாட்டில்தான் ஏறுவார். காலைச் சதாப்தியில் ஏறி எட்டு மணியளவில் ஆக்ரா கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கினோம். நண்பர் ஒருவர் தந்திருந்த எண்ணில் முன்பே பேசி ஒரு வண்டியை ஏற்பாடு செய்திருந்தேன். அந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு: எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், 2,200 ரூபாய். அதற்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு. வண்டி நிறுத்தும் கட்டணம் நம்முடையது.

இப்படி ஊர் பார்ப்பதை நம் இலக்கிய நண்பர்கள் இகழ்ச்சியாகவே பேசுவார்கள். ‘அது சுற்றுலா, பயணம் அல்ல’ என்பார்கள். ஊரை அறிய வேண்டுமென்றால் நடக்க வேண்டும், தொலைந்துபோக வேண்டும், பத்து நாள் தங்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மறுப்பதற்கில்லை, தங்க முடிந்தவர்கள் தங்கட்டும். ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும், அவர்கள் பத்து நாள் தொலைந்துபோகும்போது வீட்டில் ஒருவர் தொலையாமல் இருக்கிறார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரே நாளில் ஒரு பெருநகரைப் பார்த்து முடிப்பதற்கு நம் மொழியிலேயே மிகப் பழைய முன்மாதிரி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை. கோவலன் யவனக் காவலர்களைக் கடந்து மதுரைக்குள் நுழைந்து, அங்காடித் தெருக்கள், மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணி வீதி, கூல வீதி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். இருபது ஆண்டுகளாக இதை வகுப்பில் நடத்தி வருகிறேன். ஊர் கண்டவன் கோவலன் மட்டும்தான் என்பதை ஆக்ராவில் வண்டிக்குள் அமர்ந்திருந்தபோதுதான் உறைக்கும்படி உணர்ந்தேன். கண்ணகி நகருக்கு வெளியே கவுந்தியடிகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தாள். அவள் மதுரையின் தெருக்களை என்ன நிலையில் கண்டாள் என்பது நாம் அறிந்ததே. வாடகை வண்டியை இகழ்வதற்கு முன் அதன் பின்னிருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறேன். மூட்டுத் தேய்ந்த தாய்மார்கள், அவர்களைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போக முடியாத மகள்கள்.

*

ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். என்னிடம் இருந்தது, தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபையில் ராஷ்ட்ரபாஷா வரை படித்து இருபத்தைந்து ஆண்டுகளாகத் துருப்பிடித்த ஹிந்தி. நான் அவரை ‘பையா’ என்றேன். அவர் என்னை ‘மேடம்’ என்றும் அம்மாவை ‘மாதாஜி’ என்றும் அழைத்தார். ஏறியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: “மாதாஜிக்குப் படி ஏற முடியுமா?” இந்தக் கேள்வியை எந்த வழிகாட்டி நூலும் என்னிடம் கேட்டதில்லை.

தாஜ்மஹாலுக்கு அருகே பெட்ரோல், டீசல் வண்டிகளை விடுவதில்லை. கிழக்கு வாயில் பக்கம் ஷில்ப்கிராம் என்னும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மின்கல வண்டியில் செல்ல வேண்டும். இறங்கும்போது அவர் சொன்னார்: உள்ளே போனதும் எல்லோரும் நேராக நடுவில் உள்ள பளிங்கு மேடைக்குப் படம் எடுக்க ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். வலப்புறமாகவே நடந்து போனால் மசூதியைப் போலவே ஒரு கட்டடம் இருக்கும். காலை நேரத்தில் அதன் முகப்பில் நிழல் விழும். மாதாஜியை அங்கே உட்கார வையுங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும்.

மேற்கில் உள்ளது மசூதி. கிழக்கில், சமச்சீருக்காக மட்டும் அதே வடிவில் எழுப்பப்பட்டது ஜவாப், அதாவது ‘பதில்’. கட்டடக்கலை நூல்களில் இதைப் படித்திருக்கிறேன். அந்தப் பதிலின் நிழல் காலை ஒன்பது மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்பது எந்த நூலிலும் இல்லை. அம்மா அந்த நிழலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். நான் அவருக்குக் கதை சொன்னேன். மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் இறந்தது, அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. எப்படி இறந்தாள் என்று அம்மா கேட்டார். பதினான்காவது பிரசவத்தில் என்றேன். அம்மா வெகுநேரம் அந்த வெண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினாலு பெத்தவளுக்கு இது போதாது” என்றார். தாஜ்மஹால் குறித்து நான் வாசித்த எந்த விமரிசனமும் இதற்கு இணையாகாது. (அம்மா சொன்னதை மேற்கோள் காட்டுவது ஆய்வு நெறிக்கு உகந்ததா என்று எந்தத் துறைத் தலைவரும் கேட்க வேண்டாம்.)

2018 டிசம்பரிலிருந்து பிரதானக் கல்லறை மாடத்துக்குள் செல்வதற்கு நுழைவுச்சீட்டுடன் தனியே 200 ரூபாய் வாங்குகிறார்கள். கொடுத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் வந்தேன். அங்கே நாம் காண்பவை உண்மையான சமாதிகள் அல்ல. அவை கீழே நிலவறையில் உள்ளன. ஷாஜஹானின் உர்ஸ் நடக்கும் மூன்று நாட்களில் மட்டும் நிலவறையைத் திறக்கிறார்கள், அப்போது நுழைவுக் கட்டணம் இல்லை. திரும்பி வந்து வண்டியில் ஏறியதும், நீங்கள் கடைசியாக உள்ளே போனது எப்போது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். போவதில்லை என்பார், அதை வைத்து மனதுக்குள் ஒரு சோக வாக்கியம் அமைக்கலாம் என்று என் கட்டுரையாளர் புத்தி காத்திருந்தது. அவரோ, வருடந்தோறும் உர்ஸின்போது அம்மாவுடனும் மனைவி மக்களுடனும் போவோம், கீழே போய் உண்மையான சமாதியையே பார்ப்போம் என்றார். காசு கொடுத்தவள் நகலைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

*

அடுத்துதான் அந்தப் பளிங்குக் கடை விவகாரம்.

ஆக்ராவுக்குச் சென்றவர்கள் அனைவருக்கும் இது தெரியும். “பத்து நிமிடம், சும்மா பாருங்கள், வாங்கவே வேண்டாம்” என்று ஓட்டுநர் ஒரு கடையின் முன் வண்டியை நிறுத்துவார். உள்ளே வாசலருகே இருவர் தரையில் அமர்ந்து கல் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தாஜ்மஹாலைக் கட்டிய கைவினைஞர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களை அறிமுகப்படுத்துவார்கள். இந்த ஊரில் கல் தேய்ப்பவர் எவராயினும் அவர் வழித்தோன்றலாகவே இருக்கிறார். நான் இதை எதிர்பார்த்துத் தயாராகவே இருந்தேன். அவர் வாயைத் திறந்ததுமே, கடை எதுவும் வேண்டாம், நாங்கள் ஊர் பார்க்க வந்தவர்கள், சாமான் வாங்க வந்தவர்கள் அல்லர் என்று என் ஹிந்தி அனுமதித்த அளவு கடுமையாகச் சொன்னேன். அவர் “டீக் ஹை” என்றார். அதன்பின் வண்டிக்குள் பேச்சில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அம்மா கழிப்பறை வேண்டும் என்றார்.

சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நான் கேட்க, அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “கடையில்தான் மேடம்” என்றார். போனோம். அம்மாவை மிகுந்த மரியாதையுடன் அழைத்துச் சென்று, திரும்பியதும் நாற்காலி போட்டு அமர வைத்தார்கள். நான் வேறு வழியின்றி அந்த வேலையைப் பார்த்தேன். ஒரு கையால் சிறு வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சாணைச் சக்கரத்தைச் சுழற்றியபடி, மறுகையால் நகக்கண் அளவுள்ள ஒரு கல்லை அதில் தொட்டுத் தொட்டு இதழ் வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பளிங்கில் அந்த இதழுக்கான பள்ளத்தை உளியால் தோண்டி, ஒட்டி, தேய்க்கிறார்கள். செவ்வண்ணக் கல் பதித்த ஓர் இடத்தில் பின்னால் விளக்கை வைத்துக் காட்டினார்கள். இதழ் தணல்போல் ஒளிர்ந்தது. கற்பதிப்பைப் பற்றி அரைப்பக்கம் எழுதக்கூடிய நான் அது செய்யப்படுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா அறுநூறு ரூபாய்க்கு ஒரு குங்குமச்சிமிழ் வாங்கினார். அது மக்ரானா பளிங்கா, மாக்கல்லா என்று எனக்கு இன்னமும் ஐயம். அம்மாவுக்கு ஐயமில்லை.

பின்னர், யமுனையைக் கடக்கும்போது, ஓட்டுநரே பேச்சை எடுத்தார். வண்டி அவருடையது அல்ல. நீங்கள் கொடுக்கும் 2,200இல் முதலாளியின் பங்கும் எரிவாயுவும் போக என் கையில் நிற்பது சுமார் 500 என்றார். வண்டி கடை வாசலுக்குள் நுழைந்தாலே ஒரு சிறு தொகை. வாங்கினால் அதில் ஒரு பங்கு. மாதத்தில் பாதி நாள் வண்டிக்கு வாடகை கிடைப்பதில்லை. “நான் உங்களை ஏமாற்ற அழைத்துப் போவதில்லை மேடம். அங்கே போகாவிட்டால் உங்கள் வாடகையில் நான் ஓட்ட முடியாது. அவ்வளவுதான்.”

ஆற்றுப்படை இலக்கணத்தை மாணவர்களுக்கு நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? வள்ளலிடம் பரிசில் பெற்று வருபவன், எதிர்ப்படும் இன்னொரு வறியவனுக்கு வழி சொல்லி, அவனையும் அங்கே செலுத்துவது. வழி, வழியில் உள்ள ஊர்கள், அங்கே கிடைக்கும் உணவு எல்லாம் அதில் வரும். உலகிலேயே மிகப் பெருந்தன்மையான இலக்கிய வகை என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆக்ராவில் நடப்பதும் ஆற்றுப்படைதான். பரிசில் மட்டும், வழி சொல்வதற்கே கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே நான் வகுப்பில் காட்டும் அளவுக்குப் பெரிய தூரம் இருப்பதாக இப்போது தோன்றவில்லை. பாணர்களும் பசித்தவர்களே.

தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். தரகை நான் நியாயப்படுத்தவில்லை. எட்டு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கடைகளில் போனால், பார்ப்பவருக்கு ஊர் முக்கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. எந்த இடம் பட்டியலில் வர வேண்டும் என்பதையே கடை இருக்கும் திசை தீர்மானிக்கிறது. நான் சொல்வது வேறு. குறைந்த வாடகையைப் பேரம் பேசி இன்னும் குறைத்துவிட்டு, பிறகு கடை வாசலில் ஒழுக்கம் பேசுவது நாம் செய்வது. கடைக்கு வேண்டாம், அதனால் உங்களுக்குப் போகும் தொகை இது, என்று ஏறும்போதே வெளிப்படையாகப் பேசிக் கூடுதலாகக் கொடுக்கலாம். புத்தகச் சந்தையில் ஒரே மூச்சில் நாலாயிரம் செலவழிக்கும் நமக்கு அது இயலாததல்ல. எனக்கு இது யமுனைப் பாலத்தில்தான் தோன்றியது. முந்நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன், இனிக் கடை வேண்டாம் என்றேன். அவர் மறுக்கவில்லை. மீதி நாள் முழுவதும் அவர் காட்டிய ஊர் வேறு ஊராக இருந்தது.

*

கோட்டைக்கு முன்பாக இதிமாத்-உத்-தௌலா போகலாம் என்றது அவர் யோசனை. கோட்டையில் அமர்சிங் வாயிலிலிருந்து ஏறும் சரிவுப் பாதை செங்குத்தானது, மாதாஜியால் ஆகாது. இதிமாத்-உத்-தௌலாவில் அவ்வளவு ஏற்றமில்லை, கூட்டமும் இல்லை. வண்டியோட்டிகள் இதைக் ‘குட்டித் தாஜ்’ என்கிறார்கள். உண்மையில் தாஜுக்கு மூத்தது இது. 1622க்கும் 1628க்கும் இடையே நூர்ஜஹான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேக்குக்குக் கட்டியது. தாயும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறாள். தாஜில் துயிலும் மும்தாஜுக்கு இவர்கள் பாட்டனும் பாட்டியும். வெண்பளிங்கில் நிறக்கற்களை இழைக்கும் வேலை பெரிய அளவில் இங்கேதான் முதலில் செய்யப்பட்டது. மதுக்குடுவை, பூச்சாடி, சைப்ரஸ் மரம் என்று சுவர் முழுவதும் ஒரு வீட்டுத்தனம் இருக்கிறது. கணவன் மனைவிக்குக் கட்டியதை உலகம் முழுவதும் அறிந்திருக்கிறது. மகள் பெற்றோருக்குக் கட்டியது ‘குட்டி’யாகிவிட்டது. அம்மாவுக்குத் தாஜைவிட இது பிடித்திருந்தது. மகள் கட்டியது என்று நான் சொல்வதற்கு முன்பே பிடித்திருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அங்கிருந்து மெஹ்தாப் பாக். ஆற்றின் இக்கரையிலிருந்து தாஜின் பின்புறம். இங்கேதான் ஷாஜஹான் தனக்காகக் கறுப்புத் தாஜ் ஒன்றைக் கட்டத் தொடங்கினான் என்று ஓட்டுநர் சொன்னார். கட்டிய தொழிலாளர்களின் கைகளை வெட்டிய கதையையும் சொன்னார். ஆசிரியை சும்மா இருப்பாளா? கறுப்புத் தாஜ் கதை தவெர்னியே என்ற பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகரின் குறிப்பிலிருந்து கிளம்பியது, 1990களில் இங்கே அகழ்ந்து பார்த்தபோது தோட்டமும் எண்கோண வடிவக் குளமும்தான் கிடைத்தன, கை வெட்டியதற்குச் சான்றே இல்லை, என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் சொல்வதுபோல் சொன்னால் வண்டியில் வருகிறவர்கள் ‘அப்படியா’ என்று போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் மேடம்” என்றார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களை நினைத்துக்கொண்டேன். அதோடு, தொழிலாளர் கைகளைப் பற்றிய அந்தக் கதையை அவர் சொல்வதில் வேறொரு நியாயமும் இருந்தது. அது சற்று நேரத்தில் தெரிந்தது.

அவருடைய தந்தை இரும்பு வார்ப்படத் தொழிலாளி. நம் கோவைக்காரர்கள் பவுண்டரி என்பார்களே, அது. ஆக்ரா ஒரு காலத்தில் அதற்குப் பேர்போன ஊர். 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், தாஜைச் சுற்றியுள்ள 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரி பயன்படுத்தும் 292 தொழிற்கூடங்கள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பளிங்கு மஞ்சளாகிக்கொண்டிருந்தது உண்மை. காற்று நஞ்சாகியிருந்ததும் உண்மை. அந்தக் காற்றை முதலில் சுவாசித்தவர்கள் அங்கே வேலை செய்தவர்களே. அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அவருடைய தந்தை வேலை பார்த்த சிறு கூடம் மாற வசதியின்றி மூடப்பட்டது. அவர் அப்போது ஆறாம் வகுப்பு. சில வருடம் செருப்புத் தைக்கும் பட்டறையில் இருந்துவிட்டுப் பதினெட்டு வயதில் வண்டிக்கு வந்தார். “தாஜ்தான் அப்பாவின் வேலையைச் சாப்பிட்டது. தாஜ்தான் எனக்குச் சோறு போடுகிறது” என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் இல்லை. போக்குவரத்து நெரிசலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

*

கோட்டைக்குள் நான் மட்டும் நாற்பது நிமிடம் போய் வந்தேன். கோட்டையின் பெரும்பகுதி இராணுவத்திடம் இருக்கிறது. பார்க்கக் கிடைப்பது ஒரு பகுதியே. 1658இலிருந்து எட்டாண்டு சிறையிருந்த ஷாஜஹான் தாஜைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் எண்கோண மாடத்தின் அருகே நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவும் ஓட்டுநரும் வண்டியின் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேட்டா தின்றுகொண்டிருந்தார்கள். பூசணிக்காய்ப் பாகில் செய்யும் அந்த ஊர் இனிப்பு. அம்மாவின் சர்க்கரைக்கு ஆகாதது. அம்மாவுக்கு ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் அவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு, மனைவிக்குத் தைராய்டு, தாயாருக்கும் இதே முழங்கால்தான் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அப்பா இறந்து ஆறு வருடம் ஆனதும், நான் திருமணம் செய்துகொள்ளாததும் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்த மொழியில் என்று நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அப்போதுதான் நான் ரகசியமாக வைத்திருந்த என் சொந்தப் பட்டியலை எடுத்தேன். உருதுக் கவிதையின் மூன்று பெருங்கவிஞர்களுக்கு இந்த ஊரோடு உறவு உண்டு. மீர் தகி மீர் இங்கே பிறந்தவர். காலிப் 1797இல் இங்கே காலா மஹல் பகுதியில் பிறந்தவர். நசீர் அக்பராபாதி தில்லியில் பிறந்தாலும் வாழ்நாளெல்லாம் இங்கேயே வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்து, 1830இல் மறைந்து, தாஜ்கஞ்சில் அடக்கமானவர். ஒரு நாள் சுற்றுலாவின் எந்தப் பட்டியலிலும் இவர்கள் மூவரும் இல்லை.

காலிப் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், “அவர் தில்லி அல்லவா? டி.வி.யில் வந்ததே” என்றார். காலா மஹல் அவருக்குத் தெரிந்த பகுதிதான். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதே அவர் கேள்வி. நசீர் பெயர் தெரியவில்லை. நசீர் வெள்ளரிப் பிஞ்சைப் பற்றியும் எள்ளுருண்டையைப் பற்றியும் கரடிக்குட்டியைப் பற்றியும், யமுனையில் நடக்கும் நீச்சல் திருவிழாவைப் பற்றியும் எழுதியவர். ஹோலியையும் கண்ணனையும் பாடியவர். ஆக்ராவின் தொழில்கள் நசிந்து கைவினைஞர்கள் வேலையற்றுத் திரிந்ததை ஒரு நெடுங்கவிதையாகப் பாடியவர். அவருடைய கவிதைகளைக் கொண்டு ஹபீப் தன்வீர் 1954இல் ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தை உருவாக்கினார். இதையெல்லாம் என் ஹிந்தியில் சொல்லத் திணறிவிட்டு, நாடோடி வணிகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்படுவதாக ஒரு பாட்டு, என்றேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு முழுப்பாட்டையும் சொன்னார். சின்ன வயதில் பக்கத்துக் கோயிலில் பஜனைக்காரர்கள் பாடுவார்களாம். யாரோ ஒரு சாது எழுதியது என்றே இதுவரை நினைத்திருக்கிறார். “இவர் இந்த ஊர்க்காரரா? தாஜ்கஞ்சிலா இருக்கிறார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

தாஜ்கஞ்சுக்குப் போனோம். தாஜ்மஹாலின் பகுதியாகவே, அதன் பராமரிப்புக்கு வருவாய் தருவதற்காக ஷாஜஹான் அமைத்த சத்திரங்களும் கடைவீதிகளும் இருந்த இடம் அது. இன்று சந்துகள். வண்டி நுழையாது. ஒரு தேநீர்க்கடையில் விசாரித்தார். ஒரு பெரியவர் கையைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். நடந்தால் கால் மணி என்றார்கள். அம்மாவைச் சந்துக்குள் நடத்த முடியாது. வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு அவரும் வர முடியாது. நான் மட்டும் போயிருக்கலாம். ரயிலுக்கு ஒரு மணி நேரமே இருந்தது, நான் போகவில்லை. ஒரு தமிழாசிரியை நசீரின் சமாதிக்குக் கால் மணி நேரத் தொலைவு வரை வந்து திரும்பினாள். தொலைந்துபோகச் சொல்லும் நண்பர்கள் இதை எனக்கு எதிராகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிலையத்தில் கணக்கு முடித்தோம். 2,200, கூடுதல் முந்நூறு, ஒரு மணி நேரத்துக்கு மேல்படி, வண்டி நிறுத்தியதற்கு இரண்டு சீட்டு. அவர் காகிதத்தில் கூட்டிக் காட்டினார். நான் கைபேசியில் அனுப்பினேன். அம்மா தன் பையிலிருந்து, முதல் நாள் தில்லியில் தனக்காக வாங்கிய முழங்கால் உறை ஒன்றை எடுத்து, உங்கள் அம்மாவுக்கு என்று தமிழில் சொல்லிக் கொடுத்தார்.

இந்த நாளைப் பற்றி எழுதப் போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். ஜெய்ப்பூர்க் கட்டுரையின் பிழையை இந்த முறை திருத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். அவர் சற்று யோசித்தார். எந்த மொழியில் என்று கேட்டார். தமிழில் என்றேன். இணையத்தில் வருமா என்றார். வரும் என்றேன்.

“கடைக் கணக்கையும் எழுதுவீர்கள் இல்லையா? அப்படியானால் பெயர் வேண்டாம் மேடம். வண்டி முதலாளியின் மைத்துனன் சென்னையில் இருக்கிறான்.”